மரவள்ளி ஸ்டார்ச் லாம்ப் ஷேட்ல பூசணம் பிடிக்குது, வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே, ஆத்தூர்ல இருந்து எழுதுறேன், சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைங்க நிறைய இருக்கறதால மரவள்ளி ஸ்டார்ச் ஈஸியா கிடைக்குது, அதோட தண்ணி, கிளிசரின், கொஞ்சம் வினிகர் சேர்த்து கூழா காய்ச்சி பழைய காட்டன் புடவையை முக்கி எடுத்து சட்டி மேல போர்த்தி காயவெச்சு லாம்ப் ஷேட் பண்றேன். மாட்டுறதுக்கு பழைய சைக்கிள் ஸ்போக் கம்பி. லைட் போட்டா தேன் கலர்ல ஒவ்வொரு நூலும் தனித்தனியா தெரியும், அவ்ளோ அழகுங்க.

பிரச்சனை மழைக்காலம்தான். ஷேட் நசநசன்னு ஆகி ஓரத்துல கருப்பா பூசணம் வந்துடுது. ஈரத்தை இழுக்கறது கிளிசரின்தான், ஆனா அதைக் குறைச்சா காஞ்சதும் அப்பளமா ஒடியுது. பியூ (பாலியூரித்தேன்) வார்னிஷ் அடிங்கன்னு பெயிண்ட் கடைல சொல்றாங்க, அடிச்சா மேல பிளாஸ்டிக் தோல் வந்துடும், அப்புறம் தூக்கிப் போட்டா மண்ணுல எங்க மக்கறது? பிஎல்ஏங்கற தாவர பிளாஸ்டிக்ல 3டி பிரிண்ட் பண்ணுங்கன்னும் சொல்றாங்க, அது 60 டிகிரி பக்கம் போனாலே இளகிடும், வீட்டு உரக்குழில லேசுல மக்கவும் மக்காது.

ஸ்பிரிட்ல கரைச்ச அரக்கு பாலிஷ் இது மேல யாராச்சும் அடிச்சுப் பாத்திருக்கீங்களா, வளையுற இடத்துல வெடிப்பு விடுதா? அப்புறம் தீ பயம், இப்ப சின்ன எல்இடி மட்டும்தான் போடறேன், குண்டு பல்பு வேணவே வேணாம்னு வாங்கறவங்ககிட்டயும் சொல்லிடறேன். போராக்ஸ் (வெங்காரம்) கலந்தா தீயும் பூசணமும் ரெண்டுமே குறையும்ங்கறாங்க, எவ்ளோ கலக்கணும், குழந்தைங்க இருக்கற வீட்டுல வைக்கலாமா? செஞ்சு பாத்தவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.