புதுப்பிப்பு: மச்சானுக்குப் போட்ட போட்டுலிசம் மருந்து

கனடாவில் இருக்கும் மச்சான், எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைத்திருந்த உள்ளியைச் சாப்பிட்டுப் போட்டுலிசத்தில் (உணவில் வளரும் கிருமியின் நச்சு நரம்பைத் தாக்கித் தசையைச் செயலிழக்க வைக்கும் நோய்) விழுந்ததையும், குதிரை இரத்தத்திலிருந்து எடுக்கும் நச்சுமுறி மருந்து பாதுகாப்பானதா என்று திருகோணமலையில் மாமி பதறுவதையும் முன்பு எழுதியிருந்தேன்.

மருந்து போட்டாயிற்று. அன்றே எழும்பிவிடுவார் என்று இங்கே சிலர் சொன்னீர்கள். அப்படி நடக்கவில்லை, நடக்கவும் நடக்காது. இரத்தத்தில் இன்னும் திரியும் நச்சைத்தான் அது பிடிக்கும். நரம்பு நுனிக்குள் புகுந்துவிட்டதைத் தொடாது. அதனால்தான் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், சந்தேகம் வந்த உடனேயே போடுகிறார்கள். விழுந்த தசை திரும்ப வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். மச்சான் இப்போது செயற்கைச் சுவாசம் இல்லாமல் இருக்கிறார். ஆனால் வீடியோ அழைப்பில் மாமியைப் பார்க்க, விரலால் கண் இமையைத் தூக்கிப் பிடிக்கிறார்.

பாதுகாப்பு? பாம்புக்கடி மருந்தும் குதிரையிலிருந்து வருவதுதான், ஒவ்வாமை நமக்குப் புதிதல்ல. 2013இல் அமெரிக்கா அங்கீகரித்த, போட்டுலிச நச்சின் ஏழு வகைக்கும் எதிரான இந்த மருந்தில், நச்சைப் பிடிக்கும் குதிரையின் எதிர்ப்புப் புரதத்தை வெட்டிச் சுத்திகரித்திருப்பதால் ஆபத்து குறைவு. இல்லை என்று அர்த்தமல்ல. கடும் ஒவ்வாமை வரலாம் என்று பக்கத்திலேயே அட்ரினலின் வைத்திருந்தார்கள். ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்தும் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி வரலாம். அவருக்குத் தடிப்பு மட்டும்.

கைக்குழந்தைக்கும் இதுதானா என்று கேட்ட அக்காவுக்கு: பெரும்பாலும் இல்லை, அவர்களுக்கு மனித இரத்தத்திலிருந்து எடுத்த வேறு மருந்து உண்டு.