வாளையாறு எல்லைக்கு அந்தப் பக்கம் இரும்பு வார்க்கிற பவுண்டரி, இந்தப் பக்கம் வயல். ஏன்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வீடு கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா, பட்டறை அங்கேயே தொழிற்பேட்டை இருக்கிற கஞ்சிக்கோடு, பெண் எடுத்தது பொள்ளாச்சி. வாரத்தில் மூன்று நாளாவது எல்லை தாண்டுகிறவன், அதனால் இந்தக் கேள்வி ரொம்ப நாளாக மண்டையைக் குடைகிறது. 2024இல் பொருளாதார நோபல் வாங்கியவர்களில் அசெமோக்லுவும் ராபின்சனும் நோகாலெஸ் என்ற ஊரை உதாரணமாகக் காட்டுவார்கள். நடுவில் வேலி, ஒரு பாதி அமெரிக்கா, மறு பாதி மெக்சிகோ. அதே சனம், அதே சாப்பாடு, அதே வெயில், ஆனால் வடக்குப் பாதிக்காரர் வருமானம் எங்கேயோ இருக்கிறது. சட்டமும் ஆட்சிமுறையும்தான் காரணம், பண்பாடு அல்ல என்பது அவர்கள் கட்சி. எனக்கு உடனே நம்ம ஊர்தான் ஞாபகம் வந்தது. 1956 நவம்பர் 1 வரைக்கும் பாலக்காடும் கோயமுத்தூரும் ஒரே சென்னை மாகாணம். கேரளம், தமிழ்நாடு என்று கோடு போட்டு எழுபது வருஷம் ஆகிறது, அந்தப் பக்கம் மில், பம்ப், பவுண்டரி. இந்தப் பக்கம் நெல்லும் தென்னையும், நடுவில் தீவு மாதிரி கஞ்சிக்கோடு. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மூளை அதிகம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன், பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள். சட்டம்தான் வேறு. மறுக்கிறவர்கள் வாங்க.

பீளமேடு பம்ப்செட்:
அண்ணா, கணக்கை 1956இல் ஆரம்பித்ததே தப்புங்க. கோடு போடுவதற்கு எவ்வளவோ முன்னால் கோவை ஓட ஆரம்பித்தாச்சு. கரிசல் மண், பருத்தி. பருத்தி விற்ற காசில் ஜின்னிங், அப்புறம் ஸ்பின்னிங் மில், மில் மிஷின் கெட்டால் சரிசெய்யப் பட்டறை, பட்டறைக்காரன் சும்மா இருப்பானா, கிணற்றுக்கு பம்ப் செய்தான். 1932இல் நீலகிரிப் பைகாரா நீர்மின் கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே வேகம். கரண்ட் சர்க்கார் கொடுத்தது, சரி. முதல் போட்டது யார்? விவசாயக் குடும்பங்கள். மாமன், மச்சான், பங்காளி என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு லேத் வாங்கி, தோற்றால் மறுபடியும் போடுவது. அந்தப் பழக்கத்தை எந்தச் சட்டப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. உங்க பாலக்காட்டில் காசு இல்லையா என்ன? நெல்லில் வந்த குத்தகையை நிலச்சொந்தக்காரரான ஜன்மி கோயில் விழாவுக்கும் தரவாடு என்ற பெரிய குடும்பத்துக்கும் செலவழித்தார். அக்ரஹாரத்துப் பிள்ளைகள் நன்றாகப் படித்து மதராஸ், பம்பாய், டெல்லி ஆபீஸ்களுக்குப் போய்விட்டார்கள். அப்புறம் வளைகுடா. வந்த பணம் வீடாகவும் நகையாகவும் நின்றது, பட்டறையாக நிற்கவில்லை. இதைப் பண்பாடு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

ஓய்வு வாத்தியார்:
தம்பி, நீ பண்பாடு என்று சொல்வதே சட்டம் போட்ட குட்டிதான். பெயருக்கு இரண்டு பக்கமும் ரயத்வாரி, அதாவது சர்க்கார் நேரே விவசாயியிடம் வரி வாங்குகிற முறை. ஆனால் பாலக்காடு சேர்ந்திருந்த மலபாரில் பிரிட்டிஷ் கோர்ட்டுகள் ஜன்மியையே நிலத்தின் முழு உடைமைக்காரர் என்று எடுத்துக்கொண்டன, கீழே குத்தகைக்கு எடுத்தவன் எந்த வருஷமும் வெளியேற்றப்படலாம். அவன் ஏன் கிணறு வெட்டுவான், ஏன் மோட்டார் வாங்குவான்? கொங்குப் பக்கம் பட்டா பெரும்பாலும் விவசாயி பெயரிலேயே இருந்தது, துணிந்து முதல் போட்டார். அந்தத் துணிச்சல் ரத்தத்தில் ஊறியது என்று இப்போது பேரன்கள் பேசுகிறீர்கள்.

இன்னொன்று. நான் கொல்லம், கோட்டயம் பக்கமெல்லாம் வேலை பார்த்தவன். திருவிதாங்கூரில் 1817லேயே ராணி கௌரி பார்வதி பாய் பள்ளிக்கூடச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார், 1865இல் சர்க்கார் நிலத்துக் குத்தகைக்காரர்களுக்கு உடைமை உரிமையே கொடுத்துவிட்டார்கள். அங்கே சின்ன விவசாயிகள் ரப்பர் போட்டார்கள், சீட்டு நடத்தினார்கள், பேங்க் வைத்தார்கள். மலபாரிலும் அதே மலையாளம், அதே ஓணம். அங்கே அது நடக்கவில்லை. அப்போது மலையாளிக்குத் தொழில் புத்தி இல்லை என்ற பேச்சு எங்கே போகிறது?

மாந்தோப்பு:
மூன்று பேரும் நிலம் வைத்திருந்தவர்கள் கதையையே பேசுகிறீர்கள். நான் பாலக்காட்டு முதலமடை. எங்கள் பாட்டி பட்டா, ஜன்மம், குத்தகை எதிலும் வராதவர், வெறும் கூலி. கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையே கிடையாது, உழுதவனுக்கு நிலம் என்றார்கள். நிலம் போனது குத்தகைச் சீட்டு வைத்திருந்தவருக்கு. ஏர் பிடித்தவருக்கு, நாற்று நட்டவருக்குக் கிடைத்தது குடிகிடப்பு, அதாவது குடிசை இருந்த இடத்துக்கு உரிமை, பஞ்சாயத்து ஊரில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகரத்தில் 3. தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்தே விலக்கு. இதுதான் உலகம் புகழும் நிலச்சீர்திருத்தம்.

ஆனால் அந்த 10 சென்டை லேசாக நினைக்காதீர்கள். ‘இறங்கு வெளியே’ என்று யாரும் சொல்ல முடியாது. கூலி கூட்டிக் கேட்கிற தைரியம் அதில் வந்தது, பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்புகிற தைரியமும். என் சின்னம்மா ஆனைமலைப் பக்கம் கட்டிக்கொடுத்தவர், தோட்டக்காரர் கொடுத்த சாளையில், அதாவது குடிசையில், குடியிருந்தார். கூலித் தகராறு ஒன்றில் அன்று ராத்திரியே தட்டுமுட்டுச் சாமானோடு ரோட்டுக்கு வந்தார்கள். பீளமேட்டு அண்ணா சொல்கிற ‘உழைப்புப் பண்பாட்டில்’ சொந்தமாக 10 சென்ட் இல்லாதவனின் மலிவுக் கூலிக்கு எவ்வளவு பங்கு என்று யாராவது கணக்குப் போட்டதுண்டா?

இந்தப் பக்கம் சொர்க்கம் என்றும் சொல்லவில்லை. 2017இல் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனிச் சக்கிலியர் குடும்பங்கள் டீக்கடையிலும் தண்ணீர்க் குழாயிலும் தீண்டாமை இருக்கிறது என்று வெளியே சொன்னபோது, கேரளத்தில் இப்படியா என்று எல்லாரும் அதிர்ந்தார்கள். எங்களுக்கு அதில் அதிர ஒன்றுமில்லை.

லாரி ஷெட்:
நோபல் எல்லாம் பெரியவர்கள் பேசுங்க. ஜி.எஸ்.டி.க்கு முன்னால் எல்லை செக்போஸ்ட்டில் ரெண்டு நாள் லாரிக்கு அடியில் படுத்தவன் நான். எந்த செக்போஸ்ட் என்று கேட்காதீங்க. வெங்காயம் முளைவிட்டு, தக்காளி சாறு ரோட்டில் ஓடியிருக்கு. 2017 ஜூலை 1, டெல்லியில் சட்டம் மாறியது, விற்பனைவரி செக்போஸ்ட்டையே எடுத்துட்டாங்க, வரிசை போச்சு. அதே டிரைவர், அதே ஆபீசர். அவர்கள் பண்பாடு ஒரே ராத்திரியில் மாறிச்சா?

பீளமேடு பம்ப்செட்:
லாரி அண்ணா, வரிசை போச்சு, கை நீட்டுவது வேறு மேஜைக்குப் போச்சு, அவ்வளவுதானே. 😀

மாந்தோப்பு அக்கா சொன்ன மலிவுக் கூலி உண்மை, மறுக்கலைங்க. ஆனால் கூலி ஏறிய ஊரில் வேலை எங்கே? கஞ்சிக்கோட்டிலேயே இப்போது இரும்பு தூக்குவது அசாமும் ஒடிசாவும்தான், மலையாளிப் பையன் துபாயில். அப்புறம் நோக்குகூலி. இறக்காத சுமைக்குக் கூலி கேட்பதற்கு ஒரு மொழி தனியாகப் பெயரே வைத்திருக்கிறது என்றால் அது பண்பாடு இல்லையா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நோக்குகூலி பற்றி என்னைக் கேளுங்கள். கோவையிலிருந்து ஒரு பழைய லேத் கொண்டுவந்தேன், கிரேன் வைத்து இறக்கினேன். எட்டுப் பேர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள், கிரேனுக்குக் கொடுத்ததைவிட அவர்களுக்குக் கொடுத்தது அதிகம். இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் அது வந்த வழியையும் பார்க்கணும். மூட்டை தூக்கி முதுகு போனவனுக்கு வாரியம், நலநிதி, வேலை உறுதி என்று 1978இல் சுமைத்தொழிலாளர் சட்டம் போட்டார்கள், நல்ல சட்டம். அந்த வேலை உறுதிதான் மிஷின் வந்தபிறகு ‘எங்கள் வேலையைக் கிரேன் பிடுங்கிவிட்டது, நஷ்டஈடு கொடு’ என்று திரிந்தது. 2018 மே 1இல் அரசு நோக்குகூலிக்குத் தடை போட்டது, இப்போது முன்பு மாதிரி இல்லை. பண்பாடாக இருந்தால் ஒரு உத்தரவுக்கு இப்படி இறங்குமா?

யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தெரிகிற வித்தியாசம் ஒன்றுதான். கேரளத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் பல கைகளில் இருக்கிறது. தொழிற்சங்கம், பஞ்சாயத்து, கட்சிக் கிளை, மாணவர் அமைப்பு, எல்லாருக்கும் பிரேக் உண்டு, ஆக்சிலேட்டர் யாரிடம் என்று தெரியாது. இன்ஜினியரிங் காலேஜை எடுங்கள். தமிழ்நாட்டில் 1984 வாக்கிலேயே எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. கேரளத்தில் அதை எதிர்த்த போராட்டத்தில் 1994 நவம்பரில் கூத்துப்பறம்பில் துப்பாக்கிச்சூடு, ஐந்து பையன்கள் செத்தார்கள். 2001இல் ஆண்டனி அரசு வந்த பிறகுதான் சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. அதற்குள் ஒரு தலைமுறை மலையாளப் பிள்ளைகள் கோவைக்கு பஸ் ஏறிவிட்டார்கள், ஃபீஸ் இந்தப் பக்கத்துக் காசு, கட்டடம் அந்தப் பக்கம். நிலமும் அப்படித்தான். கேரள ரெவென்யூ காகிதத்தில் ‘நிலம்’ என்று எழுதியிருந்தால் நெல்வயல் என்று அர்த்தம், 2008 சட்டப்படி அனுமதி வாங்காமல் அதில் ஒரு செங்கல் வைக்க முடியாது. இது தெரியாமல் வாங்கி மாட்டிய கோவைக்காரர்களை எனக்கே தெரியும். 1970களில் 8.8 லட்சம் ஹெக்டேர் நெல் இருந்தது, இப்போது சுமார் 2 லட்சம்தான். சட்டம் வந்ததில் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் ஷெட்டை எங்கே போடுவது?

மாந்தோப்பு:
அந்த ‘வேண்டாம்’ இல்லையென்றால் பிளாச்சிமடை என்ன ஆகியிருக்கும்? எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். 2000இல் கோகோ கோலா ஆலை வந்தது, கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று ஆதிவாசிப் பெண்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், 2003இல் பெருமாட்டிப் பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மாட்டேன் என்றது, 2004இல் ஆலை நின்றது. ஒரு பஞ்சாயத்துக்கு அந்தத் தெம்பு சும்மா வரவில்லை. 1996இல் மக்கள் திட்டம் என்று மாநிலத் திட்டப் பணத்தில் 35-40 சதவீதத்தை உள்ளாட்சிக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், காசு கையில் இருந்தால்தான் குரல் வரும். தமிழ்நாட்டில் ஒரு ஊராட்சித் தலைவர் பெரிய கம்பெனிக்கு ‘லைசென்ஸ் இல்லை’ என்று எழுதிவிட்டு மறுநாள் தலைவராக இருப்பாரா?

பீளமேடு பம்ப்செட்:
அக்கா, ஆலை நின்றது, அப்புறம்? நஷ்டஈட்டுக்குத் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் கேரளச் சட்டசபை மசோதா போட்டது, அது சட்டமாகவே ஆகலை. தடுப்பதில் கெட்டி, முடித்து வைப்பதில் ஆள் இல்லை.

எங்க பக்கம் ‘வேண்டாம்’ சொல்ல ஆள் இல்லை என்பதும் சரியில்லை. 2022இல் கோவை அன்னூரில் தொழிற்பூங்கா என்று கிளம்பினார்கள், விவசாயிகள் ரோட்டுக்கு வந்ததும் விளைநிலத்தைத் தொட மாட்டோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் தமிழ்நாட்டில் ஒன்று உண்டு. இரண்டு கழகமும் மேடையில் அடித்துக்கொள்ளும், தொழிற்பூங்கா அமைக்கிற அரசு நிறுவனமான சிப்காட்டை மட்டும் ஒருத்தரும் மூட மாட்டார். 1971இல் கருணாநிதி ஆரம்பித்தது, எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நடத்தினார்கள், ஃபோர்டும் ஹூண்டாயும் வந்த 90களில் ஆட்சி மாறியும் ஒப்பந்தம் மாறலை. அது ஒரு பழக்கம்.

ஓய்வு வாத்தியார்:
அன்னூரில் பின்வாங்கியதற்குக் காரணம் அங்கே போராடியவர்கள் யார் என்பதில் இருக்கிறது, தம்பி. நிலமும் ஓட்டும் பலமும் உள்ளவர்கள். அடுத்த வருஷமே திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு மேல்மாவில் அதே சிப்காட்டுக்காகப் போராடிய விவசாயிகள் சிலர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது, எதிர்ப்பு வந்த பிறகு பெரும்பாலானவர்கள் மேல் விலக்கிக்கொண்டார்கள். ‘வேண்டாம்’ அங்கேயும் இருக்கிறது, ஆளைப் பார்த்துச் செல்லுபடியாகிறது.

கேரளமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2019 சட்டப்படி சிறுதொழிலுக்குச் சுயஉறுதிமொழி கொடுத்துவிட்டு மூன்று வருஷம் பல அனுமதிகள் இல்லாமலே நடத்தலாம். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு ஒப்புக்கொண்ட 12 தொழில் நகரங்களில் ஒன்று நம் புதுச்சேரி, பாண்டிச்சேரி அல்ல, கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்துப் புதுச்சேரி. 1,710 ஏக்கர், 3,806 கோடி.

மாந்தோப்பு:
1,710 ஏக்கர். நில உடைமைக்காரருக்கு விலை வரும், சரி. அங்கே தென்னைக்கு மண் அணைத்துக் கூலி வாங்கியவர்களுக்கு எந்தப் பட்டியலில் பெயர்? 1970இல் கேட்காமல் விட்ட கேள்வி இது.

லாரி ஷெட்:
அக்கா கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லாமல் நழுவுறீங்க, நான் கவனிச்சுட்டுத்தான் இருக்கேன்.

பீளமேடு பம்ப்செட்:
எனக்குத் தெரியலைங்க அக்கா, உண்மையாவே.

கொழிஞ்சாம்பாறை அண்ணாவிடம் தனியாகக் கேட்க நினைத்ததை இங்கேயே கேட்கிறேன், சிரிக்காதீங்க. 2022 கட்டண உயர்வுக்குப் பிறகு எங்க பக்கம் கரண்ட் பில் தாங்கலை, நிலைக்கட்டணம் வேறு. கஞ்சிக்கோட்டில் வாடகைக்கு ஒரு 2,000 சதுர அடி ஷெட் கிடைக்குமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கிடைக்கும், வாங்க தம்பி. காகிதத்தில் ‘நிலம்’ என்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம். மிஷின் வருகிற அன்று காலையில் நான் வந்து நிற்கிறேன்.