புதுப்பிப்பு: அம்மாவின் தாடை வலி

படி ஏறினால் அம்மாவுக்குத் தாடையும் இடது தோளும் வலிக்கிறது, உட்கார்ந்தால் அடங்குகிறது, வாயுவா என்று போன வாரம் கேட்டிருந்தேன். தள்ளிப்போடாதீங்க என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி.

செவ்வாய் இரவு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து, குப்பென்று வியர்த்தது. 108-ஐக் கூப்பிட்டோம். முதல் ஈசிஜி நார்மல். நான் வீட்டுக்குக் கிளம்பவே பார்த்தேன். டியூட்டி டாக்டர் விடவில்லை. இதயத் தசை பாதிக்கப்பட்டால் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏற சில மணி நேரம் ஆகும் என்று 3 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார். ஏறியிருந்தது. மாரடைப்புதான். ஆஞ்சியோவில் ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தாயிற்று.

அம்மாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல், மூச்சுத்திணறல், வியர்வை, அசதி என்று மட்டும்கூட வருமாம். நேற்று வார்டுக்கு மாற்றினார்கள். ரசம் சாதம் கேட்டாள்.