மறு: சார்ஜ் கண்ட்ரோலருக்கு ‘ஏற்ற மதகு’ சரியாக வருமா?

வணக்கம்.

> ‘மின்னேற்றி’ இருக்கிறதே, அதையே சொல்லலாமே?

ஐயா, மின்னேற்றி என்றால் கைப்பேசிக்குச் செருகும் சார்ஜர்தான் யாருக்கும் நினைவுக்கு வரும். சூரியத் தகடு வைத்த இடத்தில் மின்சாரத்தை ஏற்றுவது தகடு. தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் சார்ஜ் கண்ட்ரோலர் என்ற பெட்டி எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்று மட்டும் பார்த்துக்கொள்கிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டப விளக்குக்காக அந்தப் பெட்டியை நாங்களே செய்துகொண்டிருக்கிறோம். 12 வோல்ட் தகடு என்று கடையில் விற்பது, எதிலும் இணைக்காமல் வெயிலில் வைத்தால் 21, 22 வோல்ட் காட்டும். ஈய அமில பேட்டரிக்கு 14.4 வோல்ட்டே உச்சம். அதற்கு மேல் விட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து குமிழ் குமிழாகப் போய்விடும். அதனால் ஒரு கம்பேரேட்டர் (இரண்டு வோல்ட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் சில்லு) பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. உச்சத்தை எட்டியதும், ஸ்விட்ச்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டை மூடி மின்சாரத்தை நிறுத்தும், 13.5க்கு இறங்கினால் திறந்து விடும். மூடுவதும் திறப்பதும் ஒரே வோல்ட்டில் என்று வைத்தால் ஓயாமல் மூடித் திறந்துகொண்டே இருக்கும், ஆகவே இடைவெளி கட்டாயம் வேண்டும். நம்ம ஊர் வெக்கைக்கு 14.4 கூட அதிகம். அது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.02 வோல்ட்டாவது குறைக்க வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் 35 டிகிரி என்று வைத்து 14.2-இலேயே மூடவிட்டிருக்கிறோம். ராத்திரியில் பேட்டரியிலிருந்து தகட்டுக்குத் திரும்பி ஓடாமல் இருக்க, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடு ஒன்று. அவ்வளவுதான் பெட்டி.

ஏரித் தண்ணீரை அளவு பார்த்துத் திறந்து மூடுவதற்குத் தமிழில் மதகு என்று பெயர் இருக்கிறது. ‘மின்னேற்றக் கட்டுப்படுத்தி’ தப்பில்லை, ஆனால் சாலிடர் இரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் அதைச் சொல்லப்போவதில்லை. ‘மின்மதகு’ என்று சுருக்கினால் மோட்டாரில் திறக்கும் அணைக் கதவு என்று படும். ‘ஏற்ற மதகு’ வாயில் நிற்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. பேட்டரி 11.5 வோல்ட்டுக்கு இறங்கினால் விளக்கைத் துண்டிக்கிற பகுதிக்கு ‘இறக்க மதகு’ என்று சொல்லிவிடலாம். சிறு நீர்மின் நிலையங்களில், காற்றாலைகளில், மிஞ்சிய மின்சாரத்தை ஒரு ஹீட்டருக்குத் திருப்பிவிடும் வகை இருக்கிறது. ஏரியின் உபரி நீர் வழியும் கலிங்கின் வேலையேதான் அது, அதை ‘மின்கலிங்கு’ என்போம். ஒரு சொல்லைப் பிடித்தால் கூடவே இரண்டு வருகிறது. ‘கட்டுப்படுத்தி’யை வைத்து இப்படிப் பிரிக்க முடியாது.

ஒரு சந்தேகம் மட்டும். யாழ்ப்பாணப் பக்கம் மதகு என்றால் தெருவோரச் சிறு பாலம். அங்குள்ள நண்பர்களுக்கு இது உறுத்துமா? உறுத்தினால் ‘ஏற்ற மடை’க்கும் நான் சம்மதம்.