முல்லை பாலத்துலயே நிக்கறா

மேட்டுத்தோட்டம் குடும்பக் குழு
சனிக்கிழமை

[இரவு 8:52] அக்கா: கதிரு, லீவு எப்படிப் போவுது? குரூப்புல சத்தமே காணோம்.

நான்: நல்லாத்தான் இருக்கேன்க்கா. மனசுதான் ஒரு மாதிரி இருக்குது. இந்த லீவுல ஆசை தீர விளையாடணும்னு இருந்தேன். இன்னியோட ஆறு நாள் ஆச்சு, ஒரு தடவை கூடப் பகடை உருட்டல.

அக்கா: ஏன்டா, ஆள் சேரலையா?

நான்: இது தனி ஆளாவே கதை எழுதிக்கிட்டு விளையாடற விளையாட்டு, அக்கா. ஆளே வேண்டாம். நோட்டு, பென்சில், பகடை இருந்தாப் போதும். ஆனா லேப்டாப்ல 163 விளையாட்டுப் புத்தகம் கிடக்குது. நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு உக்காந்தேன். ஒண்ணைத் தொறந்து பத்துப் பக்கம் படிப்பேன், அதுக்குள்ள இன்னொண்ணு நல்லா இருக்குமோன்னு தோணும். அதைத் தொறப்பேன். பாத்தா மணி பதினொண்ணு. பகடை பையை விட்டே வெளிய வரல. படுத்ததுக்கப்புறம் நெஞ்சு கனமா இருந்துச்சு.

பெரியப்பா: தம்பி, தனியா விளையாடறதுன்னா கதை சொல்றவனும் நீ, கேக்கறவனும் நீயா? அடுத்தது என்னன்னு உனக்கே தெரிஞ்சுட்டா அதுல என்ன சுவாரசியம்?

நான்: தெரியாதுங்க பெரியப்பா, அதுதான் இதுல விஷயமே. சந்தேகம் வர்ற இடத்துல ஆமா, இல்லைன்னு பதில் வர்ற மாதிரி ஒரு கேள்வி கேக்கணும். கதவு பூட்டியிருக்குதா? காவக்காரன் முழிச்சிருக்கானா? பகடை பதில் சொல்லும். மித்திக்னு ஒண்ணு இருக்குது, டானா பிஜன் எழுதினது. அதுல குழப்பத்துக்குன்னே 1ல இருந்து 9 வரைக்கும் ஒரு அளவு உண்டு. கதை நம்ம கையை மீறிப் போனா அது ஏறும். அது ஏற ஏற நினைச்சே பாக்காததெல்லாம் நடக்கும்.

அம்மா: நம்ம கோயில்ல பூ கேக்கற மாதிரி

அம்மா: வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு எடுக்கறமல்ல. கெணறு வெட்டறதுக்கு உங்கப்பா அப்படித்தான் கேட்டாரு

நான்: அதேதான்மா. இத்தனை நாளா நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கேன், இவ்வளவு சுளுவா எனக்குச் சொல்ல வந்ததில்ல.

பெரியப்பா: இது இப்பத்தான் வந்ததா?

நான்: இல்லைங்க. நாலஞ்சு பேரு சேந்து ஆடற கதை விளையாட்டு, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974ல வந்துச்சு. அடுத்த வருஷமே கேரி கைகாக்ஸ், தனி ஆளு பகடை உருட்டியே சுரங்கம் வரைஞ்சு விளையாட அட்டவணை போட்டாரு. 1976ல பஃபலோ காசில்னு தனி ஆளுக்குன்னே ஒரு சாகசப் புத்தகம் வந்துச்சு. அப்ப அது ஒண்ணைத்தான் திரும்பத் திரும்ப விளையாடியிருப்பாங்க. அவங்களை நினைச்சா எனக்குப் பொறாமையா இருக்குது.

யாழினி: அண்ணா, 163ம் எப்படிண்ணா சேந்துச்சு?

நான்: 2020 லாக்டவுன்ல ஆரம்பிச்சது யாழினி. ரூம்ல நான் ஒருத்தன்தான். ஜூன்ல இட்ச்னு விளையாட்டு விக்கற தளத்துல இனச் சமத்துவத்துக்காக ஒரு பெரிய தொகுப்பு போட்டாங்க. குறைஞ்சது 5 டாலர் குடுத்தாப் போதும், 1,700க்கு மேல உருப்படி. எல்லாருமாச் சேந்து 80 லட்சம் டாலருக்கு மேல குடுத்தாங்க. நல்ல காரியத்துக்குப் போன காசு, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா ஒரே ராத்திரில அத்தனையும் என் கணக்குல வந்து இறங்கிருச்சு. அதுலிருந்து பொறுக்கினது பாதி. அப்புறம் தள்ளுபடி, இலவசம்னு மாசா மாசம் சேத்தது மீதி. வாங்கற அன்னிக்கு விளையாடின சந்தோஷமே வந்துரும். அதனாலயே விளையாடாம விட்டிருக்கேன்னு இப்பத்தான் புரியுது.

[இரவு 9:10] யாழினி: ஒரே ராத்திரில முடியறதா ஒண்ணு எடுங்கண்ணா. நான் ஹாஸ்டல்ல தி ரெச்சட் ஆடினேன். சீட்டுக்கட்டு, ஒரு பகடை, மரக்கட்டை அடுக்கின கோபுரம், அவ்வளவுதான். பாழாப் போன விண்கலத்துல மிச்சம் இருக்கற ஒரே ஆளு நாம. ஒவ்வொரு நாளுக்கும் சீட்டு எடுத்து, அன்னிக்கு நடந்ததைப் போன்ல பேசிப் பதிவு பண்ணணும். சில சீட்டு வந்தா கோபுரத்துல இருந்து கட்டை உருவணும். சரிஞ்சா கதை முடிஞ்சுது.

யாழினி: எனக்குப் பன்னெண்டாவது நாள்ல சரிஞ்சுது. பக்கத்துக் கட்டில்காரி தூங்கிட்டிருந்தா. நான் போர்வைக்குள்ள அழுதுட்டிருந்தேன்.

நான்: அதுவும் இருக்குது யாழினி. மூணு வருஷமா இருக்குது.

அக்கா: 163 பேரையும் எழுதிச் சீட்டு குலுக்கிப் போடேன்.

நான்: திங்கக்கிழமை அதையும் பண்ணினேன்க்கா. டிம் ஹட்சிங்ஸ் எழுதின ஆயிரம் வருஷ ரத்தக்காட்டேரி விளையாட்டு வந்துச்சு. சாவே இல்லாதவனோட ஞாபகத்தைப் பத்தினது. அஞ்சு ஞாபகத்துக்குத்தான் இடம். புதுசா ஒண்ணு எழுதணும்னா பழசு ஒண்ணை நாமளே அடிக்கணும். ரொம்ப நல்ல விளையாட்டு. ஆனா எழுத உக்காந்தா மத்த 162ம் காத்துக்கிட்டு இருக்கற மாதிரியே இருக்குது. அரை மணி நேரத்துல மூடி வெச்சுட்டேன்.

அக்கா: பாவம்டா நீ. சாப்பிட்டியா?

நான்: சாப்பிட்டேன்க்கா.

[இரவு 9:31] அம்மா: [படம்]

அம்மா: கண்ணு இது உன்ற விளையாட்டு நோட்டுத்தான? பச்சை அட்டை. பரண்ல மழைத்தண்ணி எறங்குச்சுன்னு போன வருசம் எடுத்து பீரோல வெச்சேன்

நான்: அய்யோ அம்மா. அது அயர்ன்ஸ்வோர்ன். தொலைஞ்சுதுன்னே நினைச்சேன்.

நான்: ஷான் டாம்கின் 2018ல எழுதி, பிடிஎஃப்பை இலவசமாவே குடுத்தாரு. பனி கொட்டற தேசம். இரும்பைத் தொட்டுச் சத்தியம் பண்ணித்தான் கதையே ஆரம்பிக்கும். லாக்டவுன்ல ஊருக்கு வந்தப்ப திண்ணைல உக்காந்து எழுதினது. 2022ல அவரே விண்வெளில நடக்கற மாதிரி ஸ்டார்ஃபோர்ஜ்டு போட்டாரு. நான் அதுக்குத் தாவிட்டேன். அதையும் முடிக்கல.

அம்மா: நான் படிச்சேன்

அம்மா: ரெண்டு தடவை படிச்சேன். 31ம் பக்கத்தோட நிக்குது. கடைசி வரி "பாலத்துக்கு அந்தப் பக்கம் யாரோ விளக்கு பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க". அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு முல்லை என்ன ஆனா?

நான்: தெரியலம்மா. அங்கயேதான் நிக்கறா.

அம்மா: தம்பியக் கூட்டிட்டு வர்றேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனவ. மூணு வருசமா பனில நிக்கறாளா

[இரவு 9:40] நான்: அம்மா, பகடை எடுத்துட்டேன். நோட்டைக் கையில வெச்சுக்குங்க. விளக்கு பிடிச்சிருக்கறது அவ தம்பியான்னு கேக்கப் போறேன். உருட்டறதுக்கு முன்னாடி வாய்ப்பு எவ்வளவுன்னு முடிவு பண்ணணும். 1ல இருந்து 100 வரைக்கும் விழும். பாதிக்குப் பாதின்னா 51ல இருந்து ஆமா. அனேகமா இருக்கும்னா 26ல இருந்தே ஆமா. கஷ்டம்னா 76ல இருந்துதான் ஆமா.

பெரியப்பா: தேடிப் போன ஆளே எதிர்ல வந்து நிப்பானா? கஷ்டம்னு போடு. போனாப் போவுது, பாதிக்குப் பாதி.

அம்மா: இல்லைங்க மாமா. 12ம் பக்கத்துல இவனே எழுதியிருக்கறான். தம்பிக்கு இருட்டுன்னா பயம், தலைமாட்டுல விளக்கு இல்லாமத் தூங்க மாட்டான்னு. அந்த ஊர்ல பாலத்துக்கு விளக்கு கொண்டாறது வேற யாரு

யாழினி: பெரியம்மா சொல்றதுதான் சரி.

பெரியப்பா: சான்று இருந்தா ஒத்துக்க வேண்டியதுதான். அனேகமா இருக்கும்னே வை. ஆனா ஒண்ணு தம்பி, விழுந்ததுக்கப்புறம் மாத்தக் கூடாது.

நான்: சத்தியமா மாத்த மாட்டேன்.

நான்: 34.

அக்கா: அப்ப ஆமாவா?

நான்: ஆமாக்கா. அவன்தான்.

பெரியப்பா: பாதிக்குப் பாதின்னு நான் சொன்னதை வெச்சிருந்தா இல்லைன்னு ஆயிருக்கும். நல்ல வேளை அம்மணி படிச்சு வெச்சிருந்தது.

அம்மா: அவன் அக்காளைப் பாத்தானா

நான்: பாத்துட்டான், ஆனா கிட்ட வரல. கொள்ளைக்காரங்களோட மூணு குளிர்காலம் இருந்துட்டான், ஊருக்கு வர வெக்கப்படறான். முல்லை பேசித்தான் வரவைக்கணும். அவளுக்கு மனசுங்கற குணத்துக்கு எத்தனை புள்ளி போட்டிருக்கேன்மா? முதல் பக்கத்துல இருக்கும்.

அம்மா: மனசு 3. இரும்பு 1

நான்: சரி. ஆறு பக்கப் பகடை உருட்டி 3ஐக் கூட்டணும். எதிர்ல பத்துப் பக்கப் பகடை ரெண்டு. ரெண்டையும் தாண்டினா முழு வெற்றி. ஒண்ணை மட்டும் தாண்டினா அரை வெற்றி. சமமா வந்தா எதிர்ப்பக்கத்துக்குத்தான்.

நான்: 2 விழுந்துச்சு. ஆக மொத்தம் 5.

பெரியப்பா: இரு, அடுத்ததை உருட்டாதே. ஒரு பகடைல 5ஐ விடக் கீழ விழறதுக்குப் பத்துல நாலு. ரெண்டும் கீழ விழ நூத்துல 16. ரெண்டும் விழாமப் போக 36. ஒண்ணு மட்டும் விழ 48. அரை வெற்றிக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. இதை அமைச்ச ஆளு யோசிச்சுத்தான் அமைச்சிருக்கறாரு. எட்டாவதுக்குப் பாடமே எடுக்கலாம்.

நான்: உருட்டறேங்க பெரியப்பா.

யாழினி: சீக்கிரம்ணா.

[இரவு 9:58] நான்: 3, 8.

பெரியப்பா: அரை வெற்றி.

நான்: ஆமாங்க. அரை வெற்றின்னா அவன் வர்றான். ஆனா பதிலுக்கு அவகிட்ட ஒண்ணு கேப்பான்.

அம்மா: என்ன கேட்டான்

நான்: எழுதிட்டிருக்கேன்மா. பத்து நிமிஷம் குடுங்க.

அம்மா: நான் தூங்கல