கானத்தூரில் நீச்சல் குளத்துக்குத் தோண்டிய குழியில் 4 அடியிலேயே ஊற்று. தளம் போடலாமா?

கானத்தூர் வீடு:

வணக்கம். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) கானத்தூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கட்டடம் எழும்பிவிட்டது, பூச்சு வேலை நடக்கிறது. பின்பக்கம் 26 அடிக்கு 13 அடி நீச்சல் குளம், ஆழம் 4 அடியில் தொடங்கி 5 அடி வரை. அதைச் சுற்றிக் கல் பதித்து உட்கார இடம். மாமியாருக்கு மூட்டு வலி, தண்ணீருக்குள் நடந்தால் நல்லது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதிலிருந்து இந்த ஆசை. பையனுக்கு 4 வயது, அவனும் நீச்சல் கற்றுக்கொள்வான்.

மண் முழுக்கக் கடல் மணல். போன வாரம் குழி தோண்டினார்கள். 4 அடி தாண்டியதுமே தண்ணீர் ஊறி வந்துவிட்டது. ஒரு மோட்டார் போட்டு இரவும் பகலும் இறைக்கிறார்கள், நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் பழையபடி ஏறிவிடுகிறது. காண்டிராக்டர் சொல்வது இதுதான்: அடியில் 6 அங்குலத் தளம், பக்கத்துக்கு 9 அங்குலச் செங்கல் சுவர், உள்ளே வாட்டர் புரூஃப் பூச்சு, மேலே டைல்ஸ். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்துவிடலாம், "தொட்டி கட்டுவது மாதிரிதானே மேடம்" என்கிறார். குழிக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் நடுவில் 10 அடி இருக்கிறது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. தளம் போடச் சொல்லலாமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கம்பியும் ஜல்லியும்:

மேடம், முதலில் அந்த மோட்டாரைக் கவனியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். இறைத்துக் கொட்டும் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால், உங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் மண்தான் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கடல் மணலில் திறந்த குழியிலிருந்து நாள் கணக்கில் இறைத்தால் நுண்மணலும் கூடவே இழுபடும். அஸ்திவாரம் 10 அடி தள்ளி இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. மணல் வருகிறது என்றால் இன்றைக்கே இறைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். குழியில் தண்ணீர் நின்றால் நிற்கட்டும்.

இனி தளம். நீங்கள் தளம் தண்ணீரைத் தாங்குமா என்று யோசிக்கிறீர்கள். கடலோரத்தில் கேள்வி வேறு: குளம் காலியாக இருக்கும்போது கீழிருந்து வரும் தண்ணீர் அதைத் தூக்குமா? தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

காண்டிராக்டர் சொன்னபடி கட்டினால் தளம், செங்கல் சுவர், பூச்சு, டைல்ஸ் எல்லாம் சேர்த்து எடை சுமார் 35 டன். கார்த்திகையில் அந்தப் பக்கம் நிலத்தடி நீர் தரைக்கு ஒரு அடி கீழே வரை வருவது சகஜம். அப்போது குளத்தின் அடியில் மேல்நோக்கி வரும் அழுத்தம் சுமார் 47 டன். ஆகவே 12 டன் குறைகிறது. குளம் நிறைந்திருந்தால் உள்ளே 43 டன் தண்ணீர் இருக்கும், பயமில்லை. சுத்தம் செய்யவோ டைல்ஸ் மாற்றவோ காலி செய்யும் நாளில்தான் ஆபத்து. முழுக் குளமும் மேலே வராவிட்டாலும், மெல்லிய தளம் நடுவில் விம்மி வெடிக்கும்.

உள்பக்க வாட்டர் புரூஃப் பூச்சு இதற்கு மருந்து இல்லை. வெளியிலிருந்து தள்ளும் தண்ணீருக்கு அது உரிந்து வந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? சுவரும் கான்கிரீட்டாகவே இருக்கட்டும், 8 அங்குலம். தளம் 12 அங்குலம். அந்தத் தளத்தைச் சுவருக்கு வெளியே நாலு பக்கமும் 2 அடி நீட்டிப் போடுங்கள். இந்த நீட்டல்தான் முக்கியம், அதன் மேல் நிரப்பும் மண்ணும் குளத்தை அழுத்திப் பிடிக்கும். இப்படிச் செய்தால், தண்ணீர் தரை மட்டம் வரை ஏறினாலும் தூக்கும் விசை 66 டன், பிடித்து வைக்கும் எடை 85 டன்னுக்கு மேல். தண்ணீர்த் தொட்டிகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3370 எதிர்பார்க்கும் 1.2 மடங்குப் பாதுகாப்பு இதில் கிடைத்துவிடும்.

கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்30-க்குக் குறையக் கூடாது, ரெடிமிக்ஸ் வாங்குங்கள். உப்புக் காற்று, உப்புத் தண்ணீர் இரண்டும் இருப்பதால் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மூடல் (கவர்) வேண்டும். தளமும் சுவரும் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் பி.வி.சி. பட்டை (வாட்டர் ஸ்டாப்பர்) வைக்காமல் சுவர் எழுப்ப விடாதீர்கள், குளம் ஒழுகுவது பெரும்பாலும் அந்த மூட்டில்தான். நான் சொன்னது கைக்கணக்கு. மண் பரிசோதனை அறிக்கையோடு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் வரைபடம் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

இஞ்சம்பாக்கம் அக்கா:

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். நல்ல மழை விட்டதும் பாசி பிடித்த குளத்தைக் கழுவலாம் என்று முழுசாக இறைத்தார்கள். மறுநாள் காலையில் ஆழமான பக்கத்தில் ஓரக்கல் பக்கத்துத் தரையைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றது. மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் குழாய் வாயோடு முறிந்து, தரைக் கல் வரிசை முழுக்க விரிந்துவிட்டது. பார்க்க வயிறு கலங்கியது. அதைத் திரும்பக் கீழே இறக்க வழியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள், உடைத்துத்தான் எடுத்தார்கள்.

அவசரப்படாதே அம்மா. மழை முடிந்து மாசியில் தொடங்கு. வைகாசி வாக்கில் ஊற்று நன்றாகக் கீழே போயிருக்கும், இறைக்கும் செலவிலேயே மிச்சமாகும்.

கானத்தூர் வீடு:

பக்கெட்டில் பிடித்துப் பார்த்தோம். அடியில் ஒரு விரல் அளவு மணல் படிந்தது. மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இன்னொரு கேள்வி. அடியில் ஒரு வால்வு வைத்தால் போதும், கீழே அழுத்தம் கூடினால் தானே திறந்து தண்ணீரை உள்ளே விட்டுவிடும், தளத்தைத் தடிமனாகப் போட்டுச் செலவு செய்ய வேண்டாம் என்று வேறொரு காண்டிராக்டர் சொல்கிறார். ஃபைபர் குளம் வாங்கி அப்படியே இறக்கிவிடலாம் என்றும் ஒரு யோசனை. சரியா?

ஃபில்டர் ரூம்:

குளம் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். ஃபைபர் எடை குறைவு, உங்கள் மண்ணில் அது இன்னும் சுலபமாக மிதக்கும். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

வால்வைப் பற்றி: ஹைட்ரோஸ்டேட்டிக் வால்வு என்பார்கள். குளத்தின் தாழ்ந்த இடத்தில், கீழே ஜல்லிக் குழி அமைத்து அதன் மேல் பொருத்துவது. நல்ல பொருள்தான், நானே நிறைய இடங்களில் போட்டிருக்கிறேன். கண்டிப்பாக ஒன்று வையுங்கள்.

கம்பியும் ஜல்லியும்:

இங்கே நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். வால்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நம்பித் தளத்தை மெலிதாக்கக் கூடாது. நுண்மணலில் ஜல்லிக் குழி நாளடைவில் அடைபடும், சுற்றி வடிதுணி போட்டாலும் இதுதான் கதை. வால்வின் ஸ்பிரிங்கும் சீலும் உப்புத் தண்ணீரில் கிடக்கும். தேவைப்படும் அன்று திறக்குமா என்பது யாருக்கும் தெரியாது. திறந்தாலும் உள்ளே வருவது கிணற்று உப்புத் தண்ணீர். எடை ஒருநாளும் பழுதாகாது.

ஃபில்டர் ரூம்:

அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். எடையை முதல் காவலாக வைத்து, வால்வை உபரியாக வையுங்கள். அதோடு குளத்தை ஒட்டி 6 அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை, கீழ்ப்பகுதியில் துளை போட்டு, வடிதுணி சுற்றி, தளத்து ஆழம் வரை செங்குத்தாக இறக்குங்கள். மேலே மூடி. எப்போது காலி செய்ய வேண்டியிருந்தாலும் மூடியைத் திறந்து டேப் விட்டு நீர்மட்டத்தைப் பாருங்கள். தளத்துக்கு மேலே தண்ணீர் நின்றால் குளத்தைத் தொடாதீர்கள். செலவு மிகக் குறைவு, ஆனால் கேட்காவிட்டால் யாரும் போட்டுத் தர மாட்டார்கள்.

அப்புறம் குழாய் வேலை. உங்கள் குளத்துக்கு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுத் தண்ணீரும் ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும், அதாவது மணிக்கு சுமார் 7,200 லிட்டர். 500 மி.மீ. விட்டமுள்ள மணல் ஃபில்டர் போதும். பெரிய மோட்டார் போட்டால் தண்ணீர் நன்றாகச் சுத்தமாகும் என்பது தவறு, வேகம் கூடினால் அழுக்கு மணலைத் தாண்டி வந்துவிடும்.

சின்னப் பையன் இருப்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தரையில் உறிஞ்சு துவாரம் ஒன்றே ஒன்று வைக்க விடாதீர்கள். ஒரே மோட்டாருக்கு இரண்டு துவாரம், நடுவில் குறைந்தது 3 அடி இடைவெளி, இரண்டுக்கும் குவிந்த மூடி. ஒற்றைத் துவாரத்தில் ஒரு குழந்தையின் முதுகோ முடியோ ஒட்டிக்கொண்டால் பெரியவர்களால்கூட இழுத்தெடுக்க முடியாது. அமெரிக்காவில் குழந்தைகள் இப்படி இறந்த பிறகு 2007-ல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். விளக்கு 12 வோல்ட் மட்டும். மோட்டார் லைனுக்கு, மின்கசிவு வந்தால் உடனே கரன்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

குளத்தைச் சுற்றி 4 அடி வேலியும் தானே சாத்திக்கொள்ளும் கதவும் வரைபடத்திலேயே இருக்கட்டும். கட்டி முடித்த பிறகு அழகு கெடுகிறது என்று யாரும் போடுவதில்லை.

கல்வேலை:

சுற்றுத் தரையைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். குளத்தைச் சுற்றி நிரப்பும் மணலை ஒரே தடவையில் கொட்டிக் கல் பதித்தால் அடுத்த மழைக்குள் தரை இறங்கிவிடும். ஓரக்கல் அப்படியே நிற்க, அதை ஒட்டிய கல் தாழ்ந்து இடறும். ஒரு அடி உயரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு, தகட்டு வைப்ரேட்டர் ஓட்டிக்கொண்டே நிரப்பச் சொல்லுங்கள். குளத்து ஓரக்கல்லுக்கும் தரைக் கல்லுக்கும் நடுவில் அரை அங்குல இடைவெளி விட்டு ரப்பர் மாதிரி நெகிழும் பாலிசல்ஃபைட் சீலன்ட் வைக்க வேண்டும், சிமென்ட் வைத்து அடைத்தால் பிளந்துவிடும். வாட்டம் குளத்துக்கு எதிர்ப்பக்கம், 5 அடிக்கு ஒரு அங்குலம்.

கல் எது என்று கேட்டால், பாலிஷ் போட்ட கடப்பா வேண்டவே வேண்டாம். கறுப்பு, மதிய வெயிலில் கால் வைக்க முடியாது, ஈரமானால் வழுக்கும். மூட்டு வலி உள்ளவர்கள் நடக்கப் போகிற இடம் என்கிறீர்கள். வெளிர் நிறக் கிரானைட்டில் ஃபிளேம் ஃபினிஷ் கேளுங்கள், கை வைத்துத் தடவிப் பார்த்தால் சொரசொரப்பு தெரியும். அம்மாவுக்கு ஏணி ஒத்துவராது. அகலமான படிக்கட்டும் கைப்பிடியும் வையுங்கள். கைப்பிடி 316 ஸ்டீலா என்று பில்லில் பார்த்து வாங்குங்கள், 304 அந்த உப்புக் காற்றில் துருப்புள்ளி விழும்.

கானத்தூர் வீடு:

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். மழை முடியும் வரை வேலை இல்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்தார். குழியைத் திறந்து வைத்தால் மழையில் கரை சரியும் என்று மணலைத் திரும்ப நிரப்பச் சொன்னார், நிரப்பிவிட்டோம். மார்ச்சில் திரும்பத் தோண்டும்போது வெல் பாயிண்ட் போட்டு இறைக்கலாம் என்கிறார். செங்கல் சுவர் யோசனையைக் காண்டிராக்டரே கைவிட்டுவிட்டார், கணக்கைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

இரண்டு சந்தேகம் மட்டும். கான்கிரீட் போட்ட பிறகு இறைப்பதை எப்போது நிறுத்தலாம்? எங்கள் போர் தண்ணீர் உப்பு, குளத்தை எதை வைத்து நிரப்புவது?

கம்பியும் ஜல்லியும்:

வெல் பாயிண்ட் நல்ல முடிவு. சுற்றிலும் வடிகட்டிக் குழாய்களை இறக்கி இறைப்பதால் மணல் நகராது. தளமும் சுவரும் முடிந்து, வெளிப்பக்கம் மண் நிரப்பி, குளத்துக்குள்ளும் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் நிறுத்த வேண்டும். தளம் மட்டும் போட்ட நிலையில் ஒரு ராத்திரி கரன்ட் போனால்கூட ஊறி வரும் தண்ணீரில் புது கான்கிரீட் கெட்டுப்போகலாம், அதனால் ஜெனரேட்டர் கைவசம் இருக்கட்டும். மண் நிரப்புவதற்கு முன் சுவரில் ஒழுகல் இருக்கிறதா என்று தண்ணீர் விட்டுச் சோதித்துவிடுங்கள். படியில் ஒரு பக்கெட் தண்ணீரும் வைத்து, இரண்டிலும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குளம் பக்கெட்டைவிட வேகமாக இறங்கினால் ஒழுகல் இருக்கிறது, ஒரே அளவில் இறங்கினால் வெறும் ஆவியாதல்.

ஃபில்டர் ரூம்:

உப்புத் தண்ணீரில் நிரப்பாதீர்கள், டைல்ஸ் வரிசையிலும் மோட்டாரிலும் வெள்ளையாகப் படியும். 12,000 லிட்டர் லாரி என்றால் நாலு லோடுக்குள் நிறைந்துவிடும். நிரப்பும் முன் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து உப்பும் கடினத்தன்மையும் பாருங்கள், லாரித் தண்ணீரெல்லாம் ஒரே தரம் இல்லை. கோடையில் ஒரு நாளைக்கு 5, 6 மி.மீ. ஆவியாகும், உங்கள் குளத்தில் அது 200 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரவில் மூடி போட்டால் அதில் கணிசமாக மிச்சமாகும். மொட்டை மாடி மழைநீரை வடிகட்டி ஒரு சம்பில் சேர்த்தால் மழைக்காலத்தில் லாரியே கூப்பிட வேண்டியிராது. சம்புக்கும் அதே மிதக்கும் கணக்கு உண்டு, இன்ஜினியரிடம் அதையும் சேர்த்தே வரையச் சொல்லுங்கள்.