கார்டன் மர்ரேயின் 100 கார்கள்: வரம்பு வைத்தது பொறியியலுக்கா, விலைக்கா?

கேள்வி: வைகை வடகரை, மதுரை

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாணவர்களுக்கான பந்தயக் கார் போட்டி ஒன்றுக்காக எங்கள் குழு சிறிய கார் ஒன்றைச் செய்து வருகிறது. அதன் எடைக் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. எடையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கார்டன் மர்ரேயின் பெயர் வருகிறது, கூடவே ஒரு வாக்குவாதமும் வந்துவிடுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் தெளிவு கிடைக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 1946-இல் பிறந்த மர்ரே, பிரபாம், மெக்லாரன் ஆகிய ஃபார்முலா 1 அணிகளில் பணியாற்றியவர். 1992-இல் வெளிவந்த மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்தவர். அவர் 2020 ஆகஸ்டில் தம் சொந்த நிறுவனத்தின் பெயரில் டி.50 என்ற காரை அறிமுகப்படுத்தினார். ஓட்டுநர் நடுவிலும், இரு பயணிகள் அவருக்குச் சற்றுப் பின்னால் இருபுறமும் அமர்கிறார்கள். காஸ்வொர்த் நிறுவனம் இந்தக் காருக்கென்றே உருவாக்கிய 3.9 லிட்டர் வி12 எஞ்சின், டர்போ எதுவும் இல்லாமல் 650-க்கு மேற்பட்ட குதிரைத்திறனைத் தருகிறது. நிமிடத்துக்கு 12,100 சுழற்சி வரை செல்கிறது. ஆறு கியர்களையும் கையால்தான் மாற்ற வேண்டும். இவ்வளவும் சேர்ந்த காரின் எடை 1,000 கிலோவைத் தாண்டவில்லை. நம் தெருக்களில் ஓடும் ஸ்விஃப்ட் காரின் எடையும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

இந்தக் காரை 100 மட்டுமே செய்வதென்று அவர் திட்டமிட்டார். வரிகளுக்கு முன் விலை 23.6 லட்சம் பவுண்டு. அன்றைய மதிப்பில் சுமார் 23 கோடி ரூபாய். அடுத்து வந்த டி.33 காருக்கும் அதே 100 என்ற வரம்பையே வைத்தார். இந்த வரம்பு பணக்காரச் சேகரிப்பாளர்களின் ஆசையைத் தூண்டுவதற்கான வணிக உத்தி என்று என் நண்பர் உறுதியாகச் சொல்கிறார். அந்த வரம்பு இருந்தால்தான் இப்படிப்பட்ட கார் பிறக்கவே முடியும் என்பது என் எண்ணம். ஆனால் அதைக் காரணத்தோடு நிறுவ எனக்குத் தெரியவில்லை. உங்கள் கருத்து என்ன?

பதில் 1: கப்பலூர் பட்டறை

தம்பிக்கு வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் சிஎன்சி (கணினி வழி உலோகம் கடையும்) பட்டறை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன். எண்ணிக்கையை முதலில் முடிவு செய்யாமல் எந்தப் பாகத்தையும் வரையவே முடியாது. ஒரு பிராக்கெட்டை லட்சக்கணக்கில் செய்ய வேண்டுமென்றால் தகட்டை வெட்டி அழுத்துவதற்கு டை என்னும் எஃகு அச்சைச் செய்ய வேண்டும். டைக்குச் செலவு அதிகம், ஆனால் அந்தச் செலவு லட்சம் பாகங்களில் பிரிந்து காணாமல் போய்விடும். அதே பிராக்கெட் 100 மட்டும் போதும் என்றால் டை செய்வது வீண். அலுமினியக் கட்டியிலிருந்து நேரடியாகக் கடைந்து எடுக்கலாம். அப்படி எடுக்கும்போது விசை செல்லாத இடத்திலுள்ள உலோகத்தை எல்லாம் நீக்கிவிடலாம். அழுத்திச் செய்யும் தகட்டில் அந்தச் சுதந்திரம் கிடையாது.

கார்பன் இழைக்கும் இதே கணக்குதான். ரெசின் என்னும் பிசின் ஊறிய கார்பன் துணியை அச்சில் அடுக்கடுக்காகக் கையால் ஒட்டி, காற்றை உறிஞ்சி, ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தச் சூளையில் வேகவைத்து எடுப்பதற்கு நேரமும் தேர்ந்த கைகளும் வேண்டும். எஃகு பிரஸ் வேகமாகத் தகடுகளைத் தள்ளுவது போல இதைச் செய்ய இயலாது. டி.50-இன் கார்பன் கூடும் வெளிப்புறத் தகடுகளும் சேர்ந்து 150 கிலோவுக்குள் அடங்கியது இந்த முறையால்தான். ஆண்டுக்கு 50,000 கார் என்று யாராவது கேட்டிருந்தால் அந்த வரைபடம் முதல் நாளிலேயே கிழிக்கப்பட்டிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் காரில் உள்ள சுமார் 900 நட்டு, போல்ட், பிராக்கெட், பிணைப்பான் ஒவ்வொன்றையும் எடுத்து, இதில் எவ்வளவு குறைக்கலாம் என்று தனித்தனியே ஆராய்ந்திருக்கிறார்கள். ஓட்டுநர் இருக்கை 7 கிலோ; பயணி இருக்கை 3 கிலோ. எஞ்சின் 178 கிலோ. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றால் எடை குறைந்துவிடவில்லை. கிராம் கிராமாகப் பார்த்துக் குறைத்திருக்கிறார்கள். எம் 8 (8 மி.மீ. தடிமன்) போல்ட் போட வேண்டிய இடத்தில் கையிருப்பில் இருக்கிறது என்பதற்காக எம் 10 போல்ட்டைப் போட்டுவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் பரவலாக உண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 900 தான் நினைவுக்கு வரும்.

ஆகவே உங்கள் எண்ணத்தின் பக்கமே நான் நிற்கிறேன். விலை உயர்ந்தது வரம்பின் விளைவு என்பது உண்மை. விலையை உயர்த்துவதற்காக வரம்பு வைக்கப்பட்டது என்று நான் கருதவில்லை.

பதில் 2: கூடல்நகர்

சுருக்கமாக ஒரு மறுப்பு. மெக்லாரன் எஃப்1 மொத்தம் 106 தான் செய்யப்பட்டது. சாலையில் ஓட்டுவதற்கான அடிப்படை வகை 64 மட்டுமே. அவற்றில் ஒன்று 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் 2 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. இந்த வரலாற்றை அறிந்தவர்கள்தான் டி.50-ஐ வாங்குகிறார்கள். ஓட்டுநரின் மகிழ்ச்சிக்காகவே உருவாக்கப்பட்ட கார், மதிப்பு குறைந்துவிடும் என்ற அச்சத்தால் குளிரூட்டிய கொட்டகையில் போர்வைக்குள் நிற்குமானால், 12,100 சுழற்சி யாருக்குப் பயன்பட்டது? வடிவமைப்பாளரின் நோக்கம் தூயதாக இருக்கலாம்; வரம்பு வைத்த அன்றே அந்த நோக்கத்துக்கு எதிரான சந்தை ஒன்றும் உருவாகிவிடுகிறது என்பதை மறுக்க முடியாது.

பதில் 3: மேலூர் (தற்போது சென்னை)

வணக்கம். நான் வாகனங்களின் காற்றியக்கவியல் துறையில் பணிபுரிகிறேன். சொந்த ஊர் மேலூர். டி.50-இல் உள்ள விசிறியைப் பற்றி இன்னும் யாரும் பேசாததால் அதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி அதில் இருக்கிறது.

மர்ரே விசிறியை முதலில் பயன்படுத்தியது 1978-இல். பிரபாம் பிடி46பி என்ற அந்தப் பந்தயக் காரின் அடிப்புறத்தைச் சுற்றி மறைப்புகள் கட்டி, எஞ்சின் விசையால் சுழலும் பெரிய விசிறியால் உள்ளேயிருந்த காற்றை வெளியே இழுத்தார்கள். கார் தரையோடு ஒட்டிக்கொண்டது. ஸ்வீடன் பந்தயத்தில் நிக்கி லாடா அதை ஓட்டி வென்றார். மற்ற அணிகளின் எதிர்ப்பு கிளம்பியதால் அந்த ஒரு பந்தயத்தோடு கார் விலக்கிக்கொள்ளப்பட்டது.

டி.50-இல் இருப்பது அதே வேலை என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. இதில் மறைப்புகள் இல்லை. விசிறி 48 வோல்ட் மின்சாரத்தில் இயங்குகிறது. காரின் அடியில் பின்பக்கம் மேல்நோக்கி விரியும் பகுதியை டிஃப்யூசர் என்கிறோம். அதன் சரிவை ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாக்கினால், மேற்பரப்பை ஒட்டி வரும் மெல்லிய காற்றுப் படலம் வேகமிழந்து பிரிந்துவிடும். பிரிந்தவுடன், காரைச் சாலையோடு அழுத்திப் பிடிக்கும் கீழ்நோக்கிய அழுத்தம் குலைந்துவிடும். டி.50-இன் விசிறி அந்தச் சோர்ந்த படலத்தை மட்டும் துளைகள் வழியாக உறிஞ்சி எடுத்துவிடுவதால், வழக்கமான காரில் நினைத்துப் பார்க்க முடியாத அளவு செங்குத்தான சரிவிலும் காற்று ஒட்டியே செல்கிறது. அதிக அழுத்தம் தேவைப்படும்போது 50 விழுக்காடு கூடுதலாகப் பெறலாம்; நேர்சாலையில் காற்றின் எதிர்ப்பான இழுவையை 12.5 விழுக்காடு குறைக்கலாம், 240 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது 10 மீட்டர் தூரம் மிச்சமாகும் என்பன நிறுவனம் தந்த கணக்குகள்.

இதனால் கிடைத்த பெரிய பயன், காரைக் கீழே அழுத்துவதற்குப் பின்னால் பெரிய இறக்கை தேவைப்படாமல் போனதே. இறக்கையும் அதைத் தாங்கும் கட்டமைப்பும் போனால் எடையும் போகிறது, காரின் வடிவமும் தூய்மையாக நிற்கிறது. என் துறைசார் மதிப்பீட்டில் டி.50-இன் மிக அழகான முடிவு இதுதான். இத்தகைய அமைப்பைச் சோதித்து, திருத்தி, மீண்டும் சோதிக்க எந்தப் பெரிய நிறுவனத்தின் கணக்காளரும் ஒப்புதல் தரமாட்டார். கூடல்நகர் அண்ணன் சொல்லும் சந்தை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சந்தை இல்லாதிருந்தால் இந்த ஆய்வுக்கு யார் பணம் தந்திருப்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

பதில் 4: திருமங்கலம் பணிமனை

பேருந்துப் பணிமனையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எல்லோரும் சொன்னதை ஆர்வத்தோடு படித்தேன். மர்ரேயின் திறமையில் எனக்கு ஐயம் இல்லை; ஆனால் 100 கார்களை வைத்து அவரை அளப்பது அவருக்கே செய்யும் குறையாகப் படுகிறது.

அவர் வடிவமைத்த ஆக்ஸ் என்ற சரக்கு வண்டியை இங்கே யாரும் குறிப்பிடவில்லை. சர் டார்க்வில் நார்மன் என்பவரின் முயற்சியால், சாலை வசதி குறைந்த நாடுகளுக்காக உருவான வண்டி அது. பாகங்களைத் தட்டையாக அடுக்கி அனுப்பினால், போய்ச் சேர்ந்த இடத்தில் மூன்று பேர் சுமார் 12 மணி நேரத்தில் பூட்டிவிடலாம். 1,900 கிலோ சுமக்கும். 2018-இல் ஷெல் நிறுவனம் அதன் மாதிரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து காட்டியது. அதிலும் ஓட்டுநர் இருக்கை நடுவில்தான் இருக்கிறது! 23 கோடி ரூபாய்க் காரில் அந்த இருக்கை வளைவில் இருபுறமும் ஒரே அளவாகப் பார்ப்பதற்கும், சக்கரக் குழி இடிக்காமல் கால்களை நேராக நீட்டுவதற்கும். சரக்கு வண்டியில் அது, இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் ஒரே வண்டி போதும் என்பதற்காக.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து காய்கறியையும் பூவையும் ஏற்றிக்கொண்டு விடியலில் மாட்டுத்தாவணிக்கு வரும் குட்டி யானைகளைப் பார்க்கிறேன். குறைந்த எடையில் அதிகச் சுமை என்ற கணக்கு அந்த வண்டிக்காரருக்குத்தான் ஒவ்வொரு நாளும் டீசல் காசாகத் தெரிகிறது. டி.50-இல் 10 கிலோ குறைந்தால் ஓட்டுபவருக்கு மகிழ்ச்சி கூடும். குட்டி யானையில் 10 கிலோ குறைந்தால் ஒரு பெட்டித் தக்காளி கூடுதலாக ஏறும். ஆக்ஸ் நம் ஊர்ச் சாலைக்கு வரவில்லை, 100 கார்களோ வாங்குவோர் பெயரோடு பிறந்தன. இந்த அறிவு 100 பேரோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் ஆதங்கம். பெரிய நிறுவனங்களின் ஆயிரம் கட்டுப்பாடுகளுக்குள் எடையைக் குறைப்பவரையே நான் மேலான பொறியாளராக மதிப்பேன்.

பதில் 5: கப்பலூர் பட்டறை

ஐயா, ஆக்ஸை நினைவூட்டியதற்கு நன்றி. அறிவு 100 பேரோடு நிற்கிறதா என்பதில் மட்டும் சற்று மாறுபடுகிறேன். மர்ரே 2010-இல் டி.25 என்ற சிறிய நகரக் காரைக் காட்டினார். 575 கிலோ எடை, மூன்று இருக்கை, ஓட்டுநர் நடுவில். குழாய்ச் சட்டத்தில் கூட்டுப்பொருள் தகடுகளை ஒட்டி உறுதி பெறும் ஐஸ்ட்ரீம் என்ற முறையை அவர் மலிவான கார்களுக்காகவே உருவாக்கினார். அதே முறையின் அலுமினியமும் கார்பனும் கலந்த வகையைத்தான் இப்போது டி.33-இல் பயன்படுத்துகிறார். அதாவது மலிவான காருக்காகத் தேடியது விலையுயர்ந்த காருக்குப் போயிருக்கிறது. திரும்பி வரும் பாதையும் அதேதான். அதைத் திறப்பதற்குப் பெரிய உற்பத்தியாளர் ஒருவர் துணிய வேண்டும். அந்தத் துணிவு இதுவரை போதவில்லை என்ற உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கேள்வி கேட்டவர்: வைகை வடகரை

அனைவருக்கும் நன்றி. என் நண்பரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். திருமங்கலம் ஐயாவின் பதில் தம் பக்கத்தை வலுப்படுத்துகிறது என்கிறார். எனக்கு நடைமுறை சார்ந்த ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. எங்கள் கார் ஒன்றே ஒன்றுதான். கார்பனுக்குப் பணம் இல்லை, எஃகுக் குழாயில்தான் சேஸி (காரின் அடிச்சட்டம்). மர்ரேயின் முறையில் எங்களால் எதை எடுத்துக்கொள்ள முடியும்?

பதில் 6: மேலூர் (தற்போது சென்னை)

தம்பி, பாகத்தைச் செய்த பின் எடைபோடுவதை நிறுத்திவிட்டு, வரையும் முன்பே ஒவ்வொரு பாகத்துக்கும் எடை வரம்பை எழுதிவிடுங்கள். பெடல் தொகுதி இவ்வளவு, இருக்கை இவ்வளவு, மின்கம்பிகள் இவ்வளவு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாணவரைப் பொறுப்பாக்குங்கள். யாராவது வரம்பைத் தாண்டினால், அந்த அளவை வேறு எந்தப் பாகத்தில் குறைப்பது என்று குழு கூடி முடிவு செய்த பின்னரே வரைபடம் பட்டறைக்குப் போக வேண்டும். மின்கம்பிகளை மறந்துவிடாதீர்கள், மாணவர் கார்களில் பெரும்பாலும் யாரும் கவனிக்காமல் எடை ஏறுவது அங்கேதான்.

பதில் 7: கப்பலூர் பட்டறை

அதோடு ஒன்று. போல்ட்டுகளை வாங்குவதற்கு முன் உங்கள் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். எது இழுவிசையில் இருக்கிறது, எது வெட்டுவிசையில் இருக்கிறது என்று பக்கத்திலேயே குறித்திருங்கள். சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் மூன்றிலும் அளவைக் குறைக்கக் கூடாது. மற்ற இடங்களில் எம் 8-ஐ எம் 6 ஆக்க முடியுமா என்று உட்கார்ந்து பார்ப்போம்.